சிந்தகாயல என்றொரு வீட்டுப் பெயர்

போன வாரம் கூரியர் தம்பி ஒருவர் கீழே நின்றுகொண்டு போன் செய்தார். "மேடம், சின்ன... சின்ட காயல்... மலர்விழி மேடம்தானே?" ஆமாம் என்று இறங்கிப் போனேன். பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு, "காயல்பட்டினம் பக்கமா மேடம் நீங்க?" என்றார். இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. ஒருமுறை ஒரு கிளினிக்கில் "கயல், கயல் யாரும்மா" என்று கூப்பிட, கயல் என்றே பெயருள்ள வேறொரு பெண் எழுந்து என் டோக்கனுக்கு உள்ளே போய்விட்டாள். இன்னொருமுறை தொலைபேசியில் பேசிய பெண் "சிந்தனையாளா?" என்று கேட்டார். நான் நிதானமாகச் சொல்வேன். சிந்த, காய, ல. சிந்தகாயல. தெலுங்கில் சிந்தகாய என்றால் புளியங்காய். கணவர் வீட்டுப் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் 12 எழுத்து. சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், "புளியங்காயா!" என்பார்கள். ஆமாம், புளியங்காய்தான். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். அது எப்படி என் பெயராச்சு என்பதைத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

33 வயது வரைக்கும் நான் ந. மலர்விழி. ஒரு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் பெயர். நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இப்படித்தான் என்பதால் இது ஒரு விஷயம் என்றே சின்ன வயதில் தோன்றியதில்லை. வடக்கே போன பிறகுதான், பூனாவில் ஆறு மாதம் டிரெய்னிங்கில் இருந்தபோது, "உன் சர்நேம் என்ன?" என்று கேட்டு, இல்லை என்றால் நம்பாமல் பார்த்தார்கள். அப்பாவிடம் வந்து சொன்னேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பெயர் நடராசன். 'ஜ' போட மாட்டார், 'ச'தான். "நம்மகிட்ட இல்லாததால இல்லம்மா, நாம வேண்டாம்னு விட்டதால இல்ல" என்றார். அப்புறம் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டைப் பற்றிச் சொன்னார். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டதையும், மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் என்பதையும், தன் தாத்தா அதற்கப்புறம் சில வருடங்களில் தன் பெயரின் வாலை வெட்டிக்கொண்டதையும் சொன்னார். எங்கள் வீட்டில் அந்த வால் என்னவென்று எனக்கு இன்று வரை சொல்லப்படவில்லை. நானும் கேட்டதில்லை. ந. என்ற அந்த ஒற்றை எழுத்து அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

ஆனால் அம்மாவின் கதை வேறு.

அம்மா பிறந்தது கோ. சரசுவதியாக. கோ என்றால் கோவிந்தன், என் தாத்தா. பத்தாம் வகுப்பு சான்றிதழில் கோ. சரசுவதி. கல்யாணம் ஆனதும் யாரும் கேட்காமலே இனிஷியல் மாறியது, ரேஷன் கார்டில் ந. சரசுவதி. அப்பாவின் பணிப் பதிவேட்டில் வாரிசாக எழுதியதும் ந. சரசுவதி. வங்கிக் கணக்கு மட்டும் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது, அதில் கோ. பின்னாடி ஆதார் வந்தபோது முகாமில் உட்கார்ந்திருந்த பையன் இரண்டையும் விட்டுவிட்டு சரசுவதி நடராசன் என்று அடித்துவிட்டான். 2016-ல் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு நாலு மாதம் நானும் அம்மாவும் ஒரு நீல நிற ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போன இடத்தில், இந்த ந. சரசுவதியும் அந்தக் கோ. சரசுவதியும் ஒருவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். வங்கியில் கேட்டார்கள். திரும்ப அங்கே போனால் வங்கியிலிருந்து எழுதி வாங்கி வா என்றார்கள். கடைசியில் முத்திரைத்தாளில் 'மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும்' என்று ஒரு உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். பாரிமுனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே டைப் அடிப்பவர் அதை அடித்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். கோ. சரசுவதி என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது. "இந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொல்லி முப்பது வருஷம் ஆச்சுடி" என்றாள் என்னிடம். அடிப்பவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அந்த உறுதிமொழியின் நகலை அம்மா லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன், கல்யாணமானால் இனிஷியல் மாற்றுவதில்லை என்று. சட்டப்படி மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பழக்கம்தான். அதுவும் எழுதாத பழக்கம், அதனால்தான் அவ்வளவு பலமாக இருக்கிறது.

2019-ல் வேணுவைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரே ஆபீஸ், அண்ணாநகர் பக்கம். அவன் முழுப்பெயர் சி. வேணுகோபால் என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். சி என்றால் அப்பா பெயர் சின்னசாமியோ சிதம்பரமோ என்று நினைத்திருந்தேன். அவன் வீட்டுக்கு முதல் முறை போனபோது மாமனாரின் பெயர்ப் பலகையில் சி. சத்யநாராயணா என்று இருந்தது. அப்பாவுக்கும் சி, பிள்ளைக்கும் சி. உள்ளே போனால் சுவரில் தாத்தாவின் படத்துக்குக் கீழே சி. ராமுலு. "உங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே இனிஷியலா?" என்று கேட்டேன். அப்போதுதான் முதல் தடவை அந்தப் பெயரை முழுசாகக் கேட்டேன்.

தெலுங்குக்காரர்களுக்கு இண்டிபேரு என்று ஒன்று உண்டு. வீட்டுப் பெயர். அது பெயருக்கு முன்னால் வரும், பின்னால் அல்ல. ஊர்ப் பெயராக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம், ஒரு மரமோ காயோ மிருகமோ கூட. மிரபகாயல என்று மிளகாயைப் பெயராகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள், பில்லி என்று பூனையைப் பெயராகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊரில் யாரும் அதற்குச் சிரிப்பதில்லை. இப்போது ஆந்திர சட்டமன்றத்தின் சபாநாயகர் பெயரே சிந்தகாயல அய்யன்ன பாத்ருடுதான். வேணுவின் தாத்தா விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தார். 1955-ல் தொழிற்சாலை தொடங்கிய பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவராக. பிள்ளைகளை அயனாவரத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், இனிஷியல் என்ன என்று கேட்டார்கள். இனிஷியல் என்றால் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து, அவருக்கு முன்னால் வருவது சிந்தகாயல, அதனால் சி என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஒரு முழு வீடு ஒரு எழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று தலைமுறை அயனாவரத்தில் இருந்தும், வேணுவுடன் ஒன்றாகப் படித்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்த சி என்ன என்று தெரியாது.

இதைக் கேட்டபிறகு எனக்கு ஒரு வேலையாகிவிட்டது, தெரிந்த இனிஷியல்களை எல்லாம் பிரித்துப் பார்ப்பது. நாம் ரேடியோவில் கேட்டு வளர்ந்த எழுத்துகள்! எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்றால் ஸ்ரீபதி பண்டிதாராத்யுல. பி. சுசீலா என்றால் புலபாக. எஸ். ஜானகி என்றால் சிஸ்ட்லா. கண்டசாலா என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது அவர் பெயரே இல்லை, வீட்டுப் பெயர். அவர் பெயர் வெங்கடேஸ்வர ராவ். பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸின் அந்த இரண்டு பி-யும் பிரதிவாதி பயங்கரம், எதிர்வாதம் செய்ய வருபவர்களுக்கு பயங்கரமானவர் என்று அர்த்தம். அவ்வளவு மென்மையாகப் பாடியவரின் பெயருக்குள் அப்படி ஒரு சொல். அது காஞ்சிபுரத்து வைணவ ஆசாரியர் பரம்பரையில் வந்த பட்டம். மதுரை சௌராஷ்டிரர்களுக்கும் வீட்டுப் பெயர் உண்டு, டி.எம். சௌந்தரராஜனின் டி, தொகுளுவா. தத்துவம் படித்தவர், நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர், எஸ். ராதாகிருஷ்ணன், அந்த எஸ் சர்வபள்ளி. மயிலாப்பூரில் அவர் பெயரில் இருக்கும் சாலையில் எத்தனை முறை போயிருப்பேன், அது அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். சென்னை நகரம் முழுக்க வீட்டுப் பெயர்கள் இப்படி ஒரு எழுத்தாகச் சுருங்கி நடமாடிக்கொண்டிருக்கின்றன. சுசீலாவும் ஜானகியும் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரின் எழுத்தோடேயே பாடினார்கள் என்பதையும் கவனித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணமானபோது நான் எதையும் மாற்றவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தபோதும் ந. மலர்விழிதான். உறவுக்காரப் பெண்கள் "இனிஷியல் மாத்தியாச்சா?" என்று கேட்டார்கள், நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். வேணு வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

சிக்கல் 2022 கடைசியில் வந்தது. வேணுவின் தங்கை துபாயில் இருக்கிறாள், பிரசவம், நாங்கள் இரண்டு பேரும் போகலாம் என்று முடிவு செய்தோம். என் பாஸ்போர்ட்டில் பெயர் என்ற இடத்தில் மலர்விழி, குடும்பப் பெயர் என்ற இடம் காலி. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான பாஸ்போர்ட்கள் இப்படித்தான் இருக்கின்றன. அந்த நவம்பர் 21-லிருந்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகத்தில் விதி கொண்டுவந்தார்கள். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று பின்னாடி விளக்கம் வந்தது. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா இருந்தார், அதனால் போயிருக்கலாம். ஆனால் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பையன் ஒவ்வொரு படிவத்திலும் நின்றான். "கடைசிப் பெயர் இல்லாம சப்மிட் ஆக மாட்டேங்குது மேடம்." ஒன்றில் மலர்விழி மலர்விழி என்று இரண்டு தடவை போட்டான். எனக்கு அது ஏனோ ரொம்ப வருத்தமாக இருந்தது, கூப்பிட்டதையே திரும்பக் கூப்பிடுவதுபோல. பாஸ்போர்ட்டே அடுத்த வருடங்களில் புதுப்பிக்க வேண்டியது, சரி, இப்போதே சரிசெய்துகொண்டு கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று வேணு சொன்னான்.

சரி, என்ன போடுவது? டிக்கெட் பையன் சட்டென்று "ஹஸ்பண்ட் பேரைப் போட்டுடுங்க மேடம், எல்லாரும் அதான் போடுவாங்க" என்றான். மலர்விழி வேணுகோபால். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிக்கும், ஆனால் அவன் என் பெயருக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. அப்பா பெயர்? மலர்விழி நடராசன். நிறையப் பேர் செய்வது இதுதான், நானும் முதலில் இதைத்தான் எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. வெளிநாட்டில் ஒரு ஹோட்டலில் போய் நின்றால் என்னைக் கூப்பிடப் போவது மிஸஸ் நடராசன் என்று. மிஸஸ் நடராசன் என் அம்மா. கோ-வை விட்டுக் கொடுத்துவிட்டு அவள் வாங்கிக்கொண்ட பெயர் அது, அதையும் நான் போய் எடுத்துக்கொள்வதா?

நான்கு நாள் அந்தப் படிவம் லேப்டாப்பில் திறந்தே கிடந்தது.

அதே டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தம்மா, அதாவது என் மாமியார், புளியங்காய்ப் பச்சடி போட்டார். வருடா வருடம் போடுவதுதான், ஆனால் அந்த வருடம்தான் நான் முழுசாகக் கூட உட்கார்ந்தேன். ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸ் பக்கம் தெரிந்தவர் வீட்டு மரத்திலிருந்து ஒரு கோணிப்பை நிறைய வந்தது. கொட்டை முற்றாத, பச்சையும் பழுப்புமாக இருக்கும் காய். கழுவி, ஈரம் போகத் துணியில் துடைத்து, துடைத்ததையும் நிழலில் பரப்பி வைத்தார். ஈரம் ஒரு துளி இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு கல்லுரலில் போட்டு, கல்லுப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து இடி. மொத்தமாக நசுங்க வேண்டும், ஆனால் கூழாகக் கூடாது. இடிக்கும்போது புளிப்பு வாசனை மூக்கில் ஏறி, வாயில் தானாக எச்சில் ஊறும். அதை ஜாடியில் அழுத்தி வைத்து, மூன்று நாள் கழித்து எடுத்து, நாரையும் கொட்டையையும் கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து எடுத்துவிட்டு, மறுபடி இடித்து, மறுபடி ஜாடி. வேண்டும்போது ஒரு உருண்டை எடுத்து, வறுத்த மிளகாயும் வெந்தயமும் பெருங்காயமும் சேர்த்து அரைத்துத் தாளித்தால் பச்சடி. சுடுசோறு, நல்லெண்ணெய். வருடம் முழுக்க வரும்.

நார் எடுக்கும் அன்று இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். விரல் எல்லாம் மஞ்சள். நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாரை இழுத்தார். "நான் வேமுல வீட்டுப் பொண்ணா பதினெட்டு வருஷம்தான் இருந்தேன் மலரு. சிந்தகாயலவா நாப்பத்தோரு வருஷம்" என்றார். வேமுல அவர் பிறந்த வீட்டுப் பெயர். வேமு என்றால் நம் வேம்புதான். வேப்பமரத்து வீட்டிலிருந்து புளியமரத்து வீட்டுக்கு வந்தவர். வேமுல போனதில் வருத்தமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. "எங்க அம்மா செத்தப்போ பத்திரிகையில பொண்ணுங்க பேரு போட்டாங்க. எங்க நாலு பேருக்கும் நாலு வீட்டுப் பேரு. ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு பாத்தா தெரியாது" என்றார். அப்புறம், "உனக்கு வேணும்னா வெச்சுக்கோ, வேண்டாம்னா விட்டுடு. பச்சடிக்குப் பேரு தேவையில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார்.

தெலுங்கில் சிந்த என்ற சொல்லுக்குப் புளி என்றும் அர்த்தம், கவலை என்றும் அர்த்தம். இரண்டும் வேறு வேறு சொற்கள், ஒன்று மரம், ஒன்று வடமொழியிலிருந்து வந்தது, ஆனால் வாயில் வரும்போது ஒன்றுதான். அன்றைக்கு எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்டது.

அந்த வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சிந்தகாயல என்ற பெயரோடு இந்த வீட்டில் இருந்து, அதன் ஊறுகாயையும் உறவையும் வாடகை பாக்கியையும் தாங்கிப் பிடித்தவர்கள் எல்லாரும் வேறு பெயரில் பிறந்து வந்த பெண்கள். வேணுவின் பாட்டி வேறு வீடு, அத்தம்மா வேமுல. இந்த வீட்டிலேயே பிறந்த பெண்கள் எல்லாரும் அதை விட்டுவிட்டுப் போனவர்கள், வேணுவின் தங்கைக்கு இன்றைக்கு வேறு வீட்டுப் பெயர். ஆண்கள் அதை ஒரு எழுத்தாக்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார்கள். முழுசாகச் சொல்ல வேண்டியிருந்த இடத்தில் எல்லாம், கோயிலில் அர்ச்சனைக்கு, கல்யாணப் பத்திரிகைக்கு, அதைச் சொன்னது பெண்கள். நடராசனோ வேணுகோபாலோ ஒரு ஆளின் பெயர். சிந்தகாயல ஒரு ஆளின் பெயர் இல்லை. ஒரு காய், ஒரு மரம், ஒரு வீடு. அதை நான் எடுத்துக்கொண்டால் என் பெயரில் முதல் முறையாக எந்த ஆணின் பெயரும் இருக்காது. ஜனவரி முதல் வாரம் படிவத்தை அனுப்பினேன்.

பாஸ்போர்ட் சுலபமாக வந்துவிட்டது. கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா, "உச்சரிப்பு சொல்லுங்க" என்று கேட்டு, தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்காக அவரை எனக்கு நினைவிருக்கிறது.

ஆதார்தான் படுத்திவிட்டது. பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம் என்பது விதி, அதனால் பயத்தோடுதான் போனேன். ஒரு மையத்தில் ஆங்கிலத்தில் அடித்தபோது நடுவில் ஓர் எழுத்து விட்டுப் போனது. ரசீதைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று நானும் தலையாட்டிவிட்டேன், 12 எழுத்தில் 11 இருந்தால் கண் ஏமாந்துவிடுகிறது. ஒரு வாய்ப்பு போயிற்று. இரண்டாவது முறை வேறு மையம். ஆங்கிலத்தில் அடிக்க அடிக்கப் பக்கத்துக் கட்டத்தில் கணினி தானாகத் தமிழில் எழுதிக்கொண்டே வரும், பார்த்திருப்பீர்கள். சின்டகயாலா என்று எழுதியது. அந்தப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "இது தப்புதானே அக்கா?" என்றாள். தப்பு என்றேன். கர்சரைக் கொண்டுபோய் 'ன்ட'வை அழித்து 'ந்த' போட்டாள். 'க'வுக்குக் கால் சேர்த்தாள். 'யா'வின் காலை எடுத்தாள், 'லா'வின் காலையும் எடுத்தாள். அப்புறம் பக்கத்தில் மலர்விழியைப் பார்த்தால் அது 'மலர்விலி' என்று இருந்தது, அதையும் திருத்தி ழி போட்டாள். பின்னால் வரிசையில் ஒருவர் "என்னம்மா ஒரு பேருக்கு இவ்ளோ நேரம்" என்று சத்தம் போட்டார். "பேருதான் சார், அதுக்குத்தான் வந்திருக்காங்க" என்று திரும்பாமலே சொன்னாள். நான் திரையை மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் சேமித்தாள். அந்தப் பெண் நல்லா இருக்க வேண்டும்.

என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுக் கோபப்பட்டாள். "அம்மா பட்ட பாட்டைப் பார்த்துட்டு, நீயே போய்ப் புருஷன் வீட்டுப் பேரை வாங்கிக்கிட்டியா?" என்றாள். ஐஸ்லாந்தில் நம் ஊர் மாதிரிதான், பெரும்பாலும் வீட்டுப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன் மகள் என்று சேர்ப்பார்கள், கல்யாணமானால் யார் பெயரும் மாறாது. கனடாவின் கியூபெக்கில் 1981-லிருந்து பெண்கள் பிறந்த பெயரோடுதான் சட்டப்படி இருக்க வேண்டும். ஜப்பானில் இன்னும் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம், பெண்கள்தான் பெரும்பாலும் மாற்றிக்கொள்கிறார்கள், அங்கே பெண்கள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடிக்கொண்டிருக்கிறார்கள், நீ என்னவென்றால், என்றாள். அவள் சொல்வது சரிதான். இண்டிபேரும் ஆண் வழியாகத்தான் வருகிறது, வேணு என் வீட்டுப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. யாரும் கேட்காதபோது, வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில் நின்று எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும்தான் என் பக்கத்தில் இருப்பது. அம்மாவுக்கு அந்த இடம் இருக்கவில்லை.

எனக்கு உண்மையாக உறுத்துவது வேறொன்று. போன வருடம் விசாகப்பட்டினம் போகும் ரயிலில், சார்ட்டில் என் பெயரைப் பார்த்த பெரியவர் ஒருவர் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். எந்த ஊர் சிந்தகாயல என்று கேட்டார். தாத்தா ஊரைச் சொன்னேன். "ஓ" என்றார், அந்த ஓ நீளமாக வந்தது, கண்ணில் ஒரு கணக்கு ஓடி முடிந்தது. ஒரே இண்டிபேரு பல சாதிகளில் இருக்கும், ஆனால் பேரும் ஊரும் சேர்ந்துவிட்டால் அங்கே உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வேணு சொல்லியிருக்கிறான். அப்பாவின் தாத்தா வெட்டிய வாலுக்குப் பதில் நான் வேறொன்றை ஒட்டிக்கொண்டேனா? அன்று ராத்திரி பெர்த்தில் படுத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். சென்னையில் இந்தப் பெயர் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை, காயல்பட்டினத்தைத் தவிர. ஆந்திராவில் சமல்கோட் ஸ்டேஷனைத் தாண்டினால் காட்டிக்கொடுக்கிறது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. அடுத்த முறை யாராவது எந்த ஊர் என்று கேட்டால் அயனாவரம் என்று சொல்வதாக இருக்கிறேன், அதுதான் உண்மையும்.

தமிழில் கையெழுத்துப் போடும்போது ந.வை விடவில்லை. சிந்தகாயல ந. மலர்விழி. அரசாங்கத் தாள்களில் அது செல்லாது, என் டைரியிலும் இந்தப் பக்கத்திலும் செல்லும். அத்தம்மாவுக்கு ழ வராது, தெலுங்கில் அந்த எழுத்தே இல்லை, மலர்விழி என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டு முதல் நாளிலிருந்தே மலரு என்றுதான் கூப்பிடுகிறார். என் அம்மாவுக்கு சிந்தகாயல வராது. "சிந்தக்காயி" என்பாள். கோடம்பாக்கத்தில் ஏதோ ஸ்வீட் கடை பெயர் மாதிரி இருக்கிறது என்று முதலில் சொன்னாள், இப்போது பக்கத்து வீட்டாரிடம் "எம் பொண்ணு பாஸ்போர்ட்டுல புளியங்காய்னு இருக்கு" என்று அவளாகவே சொல்கிறாள்.

ஜனவரியில் பச்சடி ஜாடி ஒன்றை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும், படிவம் நிரப்பிக் கொடு என்றாள். பெயர் என்ற இடத்தில் ஆதாரைப் பார்த்து எழுதப் போனேன். "இரு, நானே எழுதறேன்" என்று பேனாவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்தாக எழுதினாள். கோ. ந. சரசுவதி. "கேட்டாங்கன்னா?" என்றேன். பீரோவைக் காட்டினாள், அந்த லேமினேட் செய்த தாளை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். நூலகர் படிவத்தை வாங்கி, அட்டையில் அப்படியே பார்த்து எழுதி, "கோ.ந. சரசுவதி அம்மா, மூணு புத்தகம் எடுத்துக்கலாம்" என்றார். அம்மா லேமினேட் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.